ஆவணி என்றால் என்ன?

அன்புள்ள ஐயா,

பெங்களூரில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு மலையாளக் குடும்பம் இருக்கிறது. அவர்கள் பையன் பிறந்தது சிங்க மாதம், என் மகள் பிறந்தது ஆவணி. இரண்டும் ஒரே மாதம்தான் என்று அவர்கள் வீட்டுக் காலண்டரைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். “சிங்கம்னா புரியுது. ஆவணின்னா என்னம்மா?” என்று கேட்கிறாள் மகள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நம் மாதப் பெயர்களுக்குப் பொருளே இல்லையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இருக்கிறது. ஆனால் ஆவணியை விடக் கார்த்திகையில் ஆரம்பித்தால் குழந்தைக்குச் சட்டென்று பிடிபடும். தீபத்தன்று சாயங்காலம் வாசலில் அகல் விளக்குகளை வைத்துவிட்டு, இருட்டியதும் மொட்டைமாடிக்குப் போங்கள். கிழக்கே நிலா ஏறியிருக்கும். அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கொத்தாக ஆறு நட்சத்திரங்கள். நிலா வெளிச்சத்தில் மங்கித்தான் தெரியும். உள்ளங்கையால் நிலாவை மறைத்துக்கொண்டு தேடச் சொல்லுங்கள். அந்தக் கொத்துதான் கார்த்திகை. முழுநிலா அதை ஒட்டி வரும் மாதத்துக்கு அதன் பெயரையே வைத்துவிட்டார்கள்.

சித்திரா பௌர்ணமி, வைகாசி விசாகம், தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம் எல்லாம் இதே கதைதான். பூசத்துக்குத் திஷ்யம் என்று ஒரு பழைய வடமொழிப் பெயர் உண்டு. தை அதிலிருந்து வந்தது. புரட்டாசியில் பூரட்டாதி காதிலேயே கேட்கிறது. பௌர்ணமி ஒவ்வோர் ஆண்டும் அந்த நட்சத்திரத்திலேயே வந்து நிற்காது, ஒன்றிரண்டு நாள் முன்பின் ஆகும். பெயர் வைக்க அந்த நெருக்கம் போதுமானதாக இருந்திருக்கிறது.

உங்கள் பக்கத்து வீட்டார் சொல்வது ராசிப் பெயர். சூரியன் சிம்மத்தில் இருக்கும் மாதம் சிங்கம். கி.பி. 825இல் தொடங்கும் கொல்லம் ஆண்டில் அவர்களுக்கு இதுதான் முதல் மாதம். இந்தப் பெயர்கள் நமக்கும் அந்நியமில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘சிம்ம நாயற்று’, ‘துலா நாயற்று’ என்று தேதி போட்டிருப்பார்கள். நாயிறு என்றால் ஞாயிறு, சூரியன். நாம் ஒரு வரிசையை வைத்துக்கொண்டோம், அவர்கள் இன்னொன்றை. சில மாதங்களில் இரண்டு காலண்டரும் ஒரு நாள் தள்ளிப்போகும். சூரியன் அஸ்தமனத்துக்குள் ராசி மாறினால் நமக்கு அன்றே மாதப் பிறப்பு. அவர்களுக்குப் பிற்பகலிலேயே கணக்கு முடிந்துவிடும்.

தாய்லாந்திலும் ராசிப் பெயர்கள்தான். 1889இல் இளவரசர் தேவவோங்சே ஆங்கில மாதங்களுக்கு இணையாகப் புதிய பெயர்கள் அமைத்தார். ஆகஸ்ட், சிங்ஹாகோம்: சிம்மத்தின் வருகை. 31 நாள் மாதமென்றால் ‘கோம்’ என்று முடியும், 30 நாளென்றால் ‘யோன்’. ‘ஆகமம்’, ‘ஆயனம்’ என்ற இரு சொற்கள் அவை, இரண்டுக்குமே வருகை என்றுதான் பொருள். விரல் முட்டியில் எண்ண வேண்டிய வேலையே இல்லை. அழகான யோசனை.

இருந்தாலும் என் மனம் நம் பெயர்களின் பக்கம்தான். சூரியன் எந்த ராசியில் நிற்கிறது என்பதை நேராகப் பார்க்க முடியாது. அது இருக்கும் திசையில் நட்சத்திரமே தெரியாது, கணக்குத்தான் போட வேண்டும். முழுநிலா அதற்கு நேர் எதிரே, ராத்திரி முழுக்க நம் கண் முன்னால் நிற்கிறது. பஞ்சாங்கம் இல்லாதவரும், எழுத்தறியாதவரும் அண்ணாந்து பார்த்து மாதத்தைச் சொல்லிவிடலாம். இந்தப் பெயர்களை வைத்தவர்கள் ராத்திரியில் வானத்தைப் பார்த்தவர்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

சரி, ஆவணிக்கு வருவோம். சிரவணம் என்ற நட்சத்திரப் பெயர்தான் ஆவணி ஆயிற்று. சிரவணத்துக்குத் தமிழில் என்ன பெயர் தெரியுமா? திருவோணம். உங்கள் பக்கத்து வீட்டில் சிங்க மாதத்தில் பூக்களம் போட்டுக் கொண்டாடுகிறார்களே, அதே ஓணம்! நாம் மாதத்தின் பெயரில் வைத்திருக்கும் நட்சத்திரத்தை அவர்கள் பண்டிகையின் பெயரில் வைத்திருக்கிறார்கள்.

ஓணத்தன்று ராத்திரி ஒன்பது மணி வாக்கில் இரண்டு பிள்ளைகளையும் மாடிக்கு அழைத்துப் போங்கள். மேகம் இல்லாவிட்டால், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே, நடுவில் பளிச்சென்று ஒன்றும் இருபுறமும் மங்கலாக ஒவ்வொன்றுமாக மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில் நிற்கும். பழைய தமிழில் அதற்கு முக்கோல் என்றும் ஒரு பெயர் உண்டு. மகள் கேட்ட ஆவணி அதுதான்.