தலைப்பாகைக்கு மேல் ஹெல்மெட்

கேள்வி: முதல் உலகப்போரில் இந்தியர் யாராவது போர் விமானம் ஓட்டியிருக்கிறார்களா? (வாசகர், திருச்சி)

பதில்: விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் எனக்குப் பிடித்தவர் ஹர்தித் சிங் மாலிக். 1894-ல் ராவல்பிண்டியில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரியில் படித்தவர், சசெக்ஸ் அணிக்குக் கிரிக்கெட்டும் ஆடியவர். போர் வந்ததும் பிரிட்டிஷ் படை இவரைச் சேர்க்கவில்லை; சரி என்று பிரான்ஸுக்குப் போய் செஞ்சிலுவைக்கு ஆம்புலன்ஸ் ஓட்டினார். பிரெஞ்சு விமானப்படை எடுத்துக்கொள்ளத் தயாரானதும் கல்லூரி ஆசிரியர் பிரிட்டிஷ் தளபதிக்குக் கடிதம் போட, 1917-ல் பிரிட்டிஷ் விமானப்படையிலேயே இடம் கிடைத்தது (சிபாரிசு எந்த ஊரில்தான் இல்லை!). தலைப்பாகைக்கு மேல் மாட்டத் தனியாக ஒரு பெரிய ஹெல்மெட் செய்துகொண்டார். அந்த அக்டோபரில் காலில் குண்டு பாய்ந்து கீழே விழுந்தார். விமானத்தில் 400-க்கும் மேல் ஓட்டை! காலில் குண்டோடுதான் அப்புறம் பிரான்ஸுக்கே இந்தியத் தூதராகப் போனார், கோல்ஃபையும் விடவில்லை. காலமானது 1985-ல்.