இரவு ஷிப்ட்டும் வேத வாசிப்பும்

சகோதரரே, இரவு ஷிப்ட் முடிந்து வந்து பைபிளைத் திறந்தாலே கண் சொக்குகிறது, ஜனவரியில் தொடங்கிய ஓராண்டு வாசிப்பு மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தோடு நின்றுவிட்டது, அதிகாலை ஜெபம் இல்லாதவன் விசுவாசியா என்று சபையில் கேட்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். அப்படிக் கேட்பதே தவறு. தானியேல் நாளுக்கு மூன்று வேளை ஜெபித்தார். பவுலும் சீலாவும் சிறைக்குள் நடுராத்திரியில் ஜெபித்துப் பாடினார்கள். 134-ம் சங்கீதமோ இராக்காலங்களில் கர்த்தருடைய ஆலயத்தில் நிற்கும் ஊழியக்காரரைப் பார்த்தே பேசுகிறது. மூன்றே வசனம். வேலைக்குக் கிளம்பும் முன் வாசித்துப் பாருங்கள், உங்களுக்கென்றே எழுதியது போலிருக்கும்.

நீங்கள் தூங்கி எழும் மதியம்தான் உங்களுக்குக் காலை. முகம் கழுவியதும், போனைத் தொடுவதற்கு முன், மாற்கு சுவிசேஷத்தில் ஓர் அதிகாரம். மொத்தமே 16தான். விட்டுப்போன நாட்களை ஈடுகட்டப் பார்க்காதீர்கள். அங்கேதான் பலர் சோர்ந்துபோய் அடியோடு விட்டுவிடுகிறார்கள். லேவியராகமத்தை அப்புறம் எபிரெயர் நிருபத்தோடு சேர்த்துப் படியுங்கள், லேவியராகமத்தில் வரும் பலிகளெல்லாம் எதற்கென்று பிடிபடும். உபவாசத்தை மட்டும் வேலை நாளில் வைக்க வேண்டாம், விடுமுறை நாளில் வைத்துக்கொள்ளுங்கள். இரவெல்லாம் விழித்திருக்கிற உடம்பு தாங்காது.