புதுப் பல்செட்டும் பழைய வாயும்: கேள்வி பதில்

பற்களை முழுவதும் இழந்தவர்களுக்குப் பல்செட் கட்டுவதையே தொழிலாகக் கொண்ட பல் மருத்துவர் ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

ஓய்வுபெற்ற அரசு ஊழியர், கும்பகோணம்: மேல் செட் கச்சிதமாகப் பிடித்துக்கொள்கிறது. கீழ் செட் பேசினாலும் ஆடுகிறது, சாப்பிட்டாலும் ஆடுகிறது. மருத்துவர் சரியாக அளவெடுக்கவில்லையா டாக்டர்?

அளவு தவறியிருக்கலாம், ஐயா. ஆனால் அவரைக் குறை சொல்வதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடி உட்காருகிறது. அதற்கும் அண்ணத்துக்கும் நடுவே உமிழ்நீர் மெல்லிய படலமாக நிற்கிறது. ஓரம் முழுவதும் காற்றுப் புகாமல் அடைபட்டுவிட்டால் செட் கீழே இறங்க வழியில்லை. கீழ்த்தாடையில் அண்ணமே கிடையாது. லாட வடிவத்தில் ஒரு குறுகிய மேடு, நடுவே நாக்கு, அவ்வளவுதான். கீழ் செட் உட்காரக் கிடைக்கும் பரப்பு மேல் செட்டுக்குக் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதி. அந்தப் பாதி இடத்திலும் நாக்கு, கன்னம், உதடு மூன்றும் ஒவ்வொரு சொல்லுக்கும் அதை இடித்துக்கொண்டே இருக்கும். போதாததற்கு, பல் போன பிறகு தாடை எலும்பு வருடா வருடம் கரைகிறது. நீண்ட காலப் போக்கில் கீழ்த்தாடை மேல்தாடையைவிட ஏறத்தாழ 4 மடங்கு கரைந்துவிடுகிறது.

எனவே கீழ் செட் மேல் செட்டைப் போல உறிஞ்சிப் பிடிக்கும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். அதை இருத்தி வைக்கும் வேலையில் பெரும்பங்கு உங்கள் நாக்குக்கு உண்டு. நாக்கின் நுனி கீழ் முன்பற்களின் பின்புறத்தை மெல்லத் தொட்டபடி இருக்கப் பழக்குங்கள். நாக்கைப் பின்னுக்கு இழுத்து வைத்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்களுக்குக் கீழ் செட் வாயைத் திறந்ததுமே கிளம்பிவிடும்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது "ஆடுகிறது" என்று மட்டும் சொல்லாமல், எப்போது ஆடுகிறது என்று சொல்லுங்கள். வாயைப் பாதி திறந்து சும்மா இருக்கும்போதே செட் எழும்பினால் ஓரம் எங்கோ நீண்டிருக்கிறது. நாக்கை நீட்டும்போது மட்டும் எழும்பினால் நாக்குப் பக்கத்து ஓரத்தைப் பார்க்க வேண்டும். பேசும்போது ஒழுங்காக இருந்துவிட்டு, மெல்லும்போது மட்டும் சாய்ந்தால் பெரும்பாலும் கடியில் கோளாறு. ஒரு பக்கப் பற்கள் முந்திக்கொண்டு மோதுகின்றன. மூன்றும் மூன்று வேறு வேலைகள்.

அவரே: இரண்டு இம்பிளான்ட் வைத்தால் போதும் என்கிறார்களே?

இம்பிளான்ட் என்றால் தாடை எலும்பில் பதிக்கும் சிறு திருகு. கீழ்த்தாடைக்கு அது நல்ல யோசனைதான். 2002இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில், மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பற்களே இல்லாத கீழ்த்தாடைக்கு 2 இம்பிளான்ட்களின் மேல் மாட்டும் செட்டையே முதல் தேர்வாகக் கொள்ள வேண்டும் என்று அறிக்கை தந்தார்கள். மேலே அழுத்துபொத்தான் போல ஒரு பிடிப்பு. செட்டை நீங்களே கழற்றலாம், மாட்டலாம். சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும், புகைப்பழக்கம் இருந்தால் அதை நிறுத்த வேண்டும். செலவுதான் தடை. வசதி இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம்; நன்றாகக் கட்டிய சாதாரணக் கீழ் செட்டோடு நிம்மதியாகச் சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர்.

மகள், சேலம்: அம்மாவுக்குச் செட் போட்டு மூன்று நாள் ஆகிறது. ஈறில் புண் வந்து, கழற்றி டப்பாவில் வைத்துவிட்டார். அப்பா உப்புத்தாளில் தேய்த்துச் சரிசெய்கிறேன் என்கிறார்.

முதலில் அப்பாவிடமிருந்து உப்புத்தாளை வாங்கி வையுங்கள், அம்மா. உறுத்துகிற இடம் இது என்று வெளியிலிருந்து பார்த்து அவர் தேய்க்கும் இடம் பெரும்பாலும் வேறாக இருக்கும். ஓரம் போய்விட்டால் பிடிப்பும் போய்விடும்.

புதுச் செட்டில் முதல் வாரம் புண் வருவது சாதாரணம். அதனால்தான் மறுநாள் ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை என்று வரச் சொல்கிறோம். செட் கட்டும் வேலை வாயில் மாட்டிய அன்று முடிவதில்லை என்பதை நாங்கள் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். பாதிப் பேர் புண்ணோடு மல்லுக்கட்டிவிட்டு, செட்டைப் பீரோவில் பூட்டிவிடுகிறார்கள்.

வலி தாங்கவில்லை என்றால் கழற்றி வைக்கட்டும், வெதுவெதுப்பான உப்பு நீரில் கொப்பளிக்கட்டும். ஆனால் மருத்துவரிடம் போகும் நாளில் சில மணி நேரமாவது போட்டுக்கொண்டு போக வேண்டும். ஈறில் சிவப்பு தெரிந்தால்தான் இடம் பிடிபடும். செட்டின் உட்புறத்தில் வெள்ளைப் பசை ஒன்றைத் தடவி வாயில் அழுத்துவோம். அழுத்தம் அதிகமான இடத்தில் பசை விலகி அடியிலுள்ள அக்ரிலிக், அதாவது செட் செய்த பிளாஸ்டிக், தெரியும். அந்த இடத்தை மட்டும், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, அரைத்தெடுப்போம். கடியைப் பார்க்க, மை தடவிய காகிதத்தைக் கடிக்கச் சொல்வோம்.

புண்ணின் இடமே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். கன்னமும் ஈறும் சேரும் மடிப்பில் கீறல் போல இருந்தால் ஓரம் நீளம். ஈறு மேட்டின் உச்சியில் இருந்தால் கடியைச் சந்தேகிப்பேன். அங்கே உட்புறத்தை அரைத்துக்கொண்டே போனால் புண் ஆறாது, செட்தான் தளரும். சரிசெய்த பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் புண் ஆறாவிட்டால், அதிலும் வெற்றிலை, புகையிலைப் பழக்கம் உள்ளவர் என்றால், அதைச் செட்டின் தலையில் கட்டிவிடாமல் தனியே பரிசோதிக்க வேண்டும்.

தமிழாசிரியர், திருநெல்வேலி: வாழ்நாள் முழுவதும் "ழ" சொல்லிக்கொடுத்தவன் நான். இப்போது என் வாயிலேயே குழறுகிறது.

ஐயா, உங்களுக்கு உச்சரிப்பைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. செட் எங்கே குறுக்கிடுகிறது என்று மட்டும் சொல்கிறேன். "த", "ந" இரண்டுக்கும் நாக்கு மேல் முன்பற்களின் பின்புறத்தில் தட்டுகிறது. முன்பற்களை உள்ளே தள்ளியோ வெளியே தள்ளியோ அடுக்கிவிட்டால் இவை முதலில் கெடும். "ட", "ண", "ள", "ழ" ஆகியவற்றுக்கு நாக்கு அண்ணத்தை நோக்கி வளைகிறது. அங்கே இப்போது சுமார் இரண்டு மில்லிமீட்டர் அக்ரிலிக் இருக்கிறது. நாக்குக்கு அந்தப் புதுக் கூரையின் உயரம் இன்னும் பழகவில்லை. தினமும் செய்தித்தாளைச் சத்தமாக வாசியுங்கள். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் படிந்துவிடும்.

படியாதவை வேறு. "பஸ்", "அரிசி" என்று சொல்லும்போது மேல் கீழ் பற்கள் டக்கென்று மோதினால் செட்டின் உயரம் அதிகம். தாடை ஓய்வாக இருக்கும்போது மேல் கீழ் பற்களுக்கு இடையே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அது இல்லாவிட்டால் மாலைக்குள் தாடைத் தசையும் வலிக்கும். "ஸ்" விசில் போல வந்தால் முன்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தின் வடிவத்தைத் திருத்த வேண்டும். இவை பழகிச் சரியாவதில்லை, சொல்லிச் சரிசெய்துகொள்ள வேண்டியவை.

மகன், மதுரை: அம்மாவுக்கு வயது 62. செட் போட்டதும் வாய் முன்னால் தள்ளிக்கொண்டு, பற்கள் வெள்ளைவெளேரென்று இருக்கின்றன. வீட்டில் எல்லோருக்கும் அது வேறு யாரோ முகம் போல இருக்கிறது.

மெழுகில் வைத்துக் காட்டிய நாளில் யார் கூடப் போனீர்கள், தம்பி? பெரும்பாலும் யாரும் போவதில்லை, அதுதான் வருத்தம். அக்ரிலிக்காக மாற்றுவதற்கு முன், பற்களை மெழுகில் அடுக்கி வாயில் வைத்துப் பார்க்கும் நாள் ஒன்று உண்டு. என்னைக் கேட்டால், செட் கட்டும் வேலையில் அதுதான் முக்கியமான நாள். அன்று ஒரு பல்லைத் திருப்பச் சொன்னால் ஐந்து நிமிட வேலை. அக்ரிலிக் ஆன பிறகு சொன்னால் பல்லைப் பெயர்த்து மீண்டும் பதிக்க வேண்டும், சில சமயம் முழுவதும் புதிதாகவே கட்ட வேண்டும். அன்று சின்னக் கைக்கண்ணாடியை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துப் பார்க்காமல், எழுந்து நின்று, தள்ளியிருக்கும் கண்ணாடியில் பேசியபடியும் சிரித்தபடியும் பார்க்க வேண்டும். கூட வீட்டாள் ஒருவர் இருக்க வேண்டும். பல் தெரியச் சிரித்த பழைய புகைப்படம் ஒன்றும் வேண்டும். கல்யாண ஆல்பத்தில் தேடுங்கள், ஒன்றாவது கிடைக்கும்.

என்ன பார்க்க வேண்டும்? உதடு சும்மா இருக்கும்போது மேல் முன்பற்கள் சற்றே தெரிய வேண்டும். வயது ஏற ஏற அது குறைவது இயல்பு. "ஃபோன்" என்று சொல்லும்போது மேல் முன்பல்லின் விளிம்பு கீழுதட்டில், ஈரமும் உலர்வும் சேரும் கோட்டில் மெல்லப் பட வேண்டும். அதைத் தாண்டி இடித்தால் பல் நீளம் அல்லது முன்தள்ளல். மூக்குக்குக் கீழே உதடு உப்பி நின்றால் பற்களைவிட, அதற்கு மேலே உள்ள ஈறுப் பகுதியின் தடிமன்தான் பெரும்பாலும் காரணம். அதை இப்போதும் ஓரளவு குறைக்கலாம், அம்மாவை அழைத்துப் போய்க் கேளுங்கள்.

நிறத்தைப் பொறுத்தவரை, நிற மாதிரித் தட்டில் உள்ள மிக வெளுப்பான பல்லைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் குடும்பத்தினர்தான். அறுபது வயது முகத்தில் இருபது வயதுப் பல் பொய்யாகவே தெரியும். கோட்டுக்குக் கோடு நேராக அடுக்குவதும் அப்படித்தான். ஒரு பல்லை லேசாகத் திருப்பி வைத்தால், கோரைப்பல்லின் கூர்முனையைச் சற்று மழுக்கினால், இயற்கை வந்துவிடும். ஈறின் நிறத்தையும் கேளுங்கள். நம்மில் பலருக்கு ஈறில் கருமை கலந்திருக்கும். ரோஜா நிற அக்ரிலிக்கை அப்படியே வைத்தால் சிரிக்கும்போது தனியாகத் தெரியும். கருமை கலந்து செய்து தரும் பரிசோதனைக்கூடங்கள் இருக்கின்றன, ஆனால் கேட்டால்தான் செய்வார்கள். 1930களில் அக்ரிலிக் வருவதற்கு முன் செட்டின் ஈறைக் கடினமாக்கிய ரப்பரில்தான் செய்தார்கள். அந்தச் செம்பழுப்பு நிறத்தைப் பார்த்தவர்கள் இன்றைய ரோஜா நிறத்தைக் குறை சொல்லமாட்டார்கள்.

பல் எடுத்த எத்தனை நாளில் செட் கட்டலாம்?

பொதுவாக 2, 3 மாதம். பல்லில்லாமல் வெளியே போக முடியாது என்பவர்களுக்குப் பல் எடுத்த அன்றே மாட்டும் செட்டும் உண்டு. ஆனால் ஈறு வற்ற வற்ற அது தளரும், சில மாதங்களில் உட்புறம் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

முறுக்கு சாப்பிடலாமா?

உடைத்துக் கடைவாயில் போட்டு மெல்லலாம். முன்பல்லால் கடித்து இழுத்தால் செட்டின் பின்பக்கம் கிளம்பும். முதல் வாரம் இட்லி, குழைந்த சாதம், பிறகு சப்பாத்தி. இரண்டு பக்கமும் சமமாகப் போட்டு மெல்லுங்கள். சொந்தப் பல்லின் கடிபலத்தில் நான்கில் ஒரு பங்குகூட நல்ல செட்டில் கிடைக்காமல் போகலாம். கரும்பை மறந்துவிடுங்கள்.

ஆசிரியை, கோவை: மேல் செட்டை வைத்தாலே குமட்டுகிறது.

பின்பக்க ஓரம் மென்மையான அண்ணத்தில் அதிகம் நீண்டிருக்கலாம். அல்லது அங்கே சரியாக ஒட்டாமல் தொங்கி, நாக்கைத் தொட்டுத்தொட்டு விலகலாம். இரண்டாவதுதான் பலர் கவனிக்காதது. குமட்டுகிறது என்று ஓரத்தை வெட்டிக்கொண்டே போனால் பிடிப்பு போய், செட் இறங்கி, குமட்டல் கூடும். வைத்தவுடன் மூக்கால் மூச்சு விட்டு, தலையைச் சற்றுக் கவிழ்த்து வையுங்கள்.

செட்டைப் பிடிக்க வைக்கும் பசை வாங்கலாமா?

நன்றாகப் பொருந்தும் செட்டுக்கு, உமிழ்நீர் குறைந்தவர்களுக்கு, பட்டாணி அளவில் இரண்டு மூன்று பொட்டு. துத்தநாகம் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். துத்தநாகம் சேர்ந்த பசையை நெடுநாள் அளவுக்கு மீறிப் பயன்படுத்தியவர்களுக்கு உடலில் செம்புச் சத்துக் குறைந்து நரம்புப் பாதிப்பு வந்திருக்கிறது. நாளுக்கு மூன்று முறை பசை போட வேண்டியிருக்கிறது என்றால் செட் பொருந்தவில்லை என்று பொருள். வாய் வறட்சிக்கு நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளும் காரணமாகலாம். பட்டியலை எடுத்துக்கொண்டு போங்கள்.

பேரன், தஞ்சாவூர்: தாத்தா இரவிலும் கழற்றுவதில்லை. பல்பொடி போட்டுத் தேய்க்கிறார். 12 வருடச் செட்.

இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். கழற்றாதவர்களுக்கு அண்ணம் சிவந்து பூஞ்சைத் தொற்று வரும், பெரும்பாலும் வலிக்காததால் அவர்களுக்கே தெரியாது. பல்பொடி அக்ரிலிக்கைக் கீறும். கீறலில் அழுக்குப் படியும். மென்மையான பிரஷும் சோப்பு நீரும் போதும். வெந்நீர் கூடாது, செட் வளைந்துவிடும். கழுவும்போது கீழே தொட்டியில் தண்ணீர் இருக்கட்டும், கை தவறினாலும் உடையாது.

12 வருடத்தில் பற்கள் தேய்ந்து, தாடை கரைந்து, முகத்தின் உயரமே குறைந்திருக்கும். வாயின் இரு ஓரங்களிலும் வெடிப்பு, முகவாய் மூக்கை நோக்கி ஏறுவது, இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் உட்புறம் மட்டும் நிரப்பினால் போதாது, புதுச் செட்தான். பழையதைத் தூக்கிப் போடாமல் கொண்டு வாருங்கள். அவருக்குப் பழகிய வடிவத்தை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

நடுவில் விரிசல் விட்டு உடைந்த செட்டை வீட்டில் பசை போட்டு ஒட்டினேன். இப்போது உட்காரவே மாட்டேன் என்கிறது.

ஒட்டும்போது ஒரு மயிரிழை விலகினாலும் வாயில் உட்காராது. அந்தப் பசையைச் சுரண்டியெடுக்க எங்களுக்குத்தான் இரட்டை வேலை. இனிமேல் உடைந்தால், உதிர்ந்த பல்லையும் பொடித்துண்டையும் விடாமல் டப்பாவில் போட்டு எடுத்து வாருங்கள். துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்தால் பெரும்பாலும் அன்றோ மறுநாளோ தந்துவிடலாம். அதே இடத்தில் இரண்டாம் முறை உடைந்தால் ஒட்டித் தரச் சொல்லாதீர்கள், கடியைப் பார்க்கச் சொல்லுங்கள்.