ஐந்து நாடுகளின் காசநோய்க் கோடுகள்: எது நோயின் ஏற்றம், எது கணக்கின் ஏற்றம்?

கேள்வி: நான் திருநெல்வேலியில் பொதுச் சுகாதாரம் முதுநிலை படிக்கிறேன். இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளின் காசநோய்ப் போக்கை ஒப்பிடுவதுதான் என் திட்டக் கட்டுரை. உலக சுகாதார நிறுவனத்தின் ஆண்டறிக்கைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, அந்தந்த வருட எண்ணை எக்செல்லில் போட்டு வரைபடம் வரைந்தேன். வருடத்துக்குப் புதிதாக நோய் வந்தவர்கள் இந்தியாவில் 2014-ல் லட்சம் பேருக்கு 167 என்றிருந்து 2015-ல் 217 ஆகிறது. நேபாளம் 2018-ல் 151, அடுத்த வருடமே 230-ஐத் தாண்டுகிறது. வங்கதேசமோ 221-லேயே அசையாமல் நிற்கிறது. எண்களைத் தப்பாகப் பதிந்திருக்கிறேன் என்கிறார் என் வழிகாட்டி. எங்கே தவறு? எந்த நாடு முன்னேறியிருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

பதில்: நீங்கள் எதையும் தப்பாகப் பதியவில்லை. ஒவ்வோர் எண்ணும் அந்தந்த அறிக்கையில் அச்சானதுதான். பத்து அறிக்கைகளிலிருந்து வருடத்துக்கு ஒன்றாக எடுத்து ஒரே கோட்டில் கோத்ததுதான் தவறு. காசநோய்த் தரவோடு பல வருடம் புழங்கியவன் என்பதால் சொல்கிறேன், மாணவர்கள் மட்டுமல்ல, அனுபவசாலிகளும் இந்த இடத்தில் வழுக்குகிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் ஒவ்வோர் அறிக்கையிலும் முந்தைய வருடத்தை மட்டும் புதிதாகச் சேர்த்துவிட்டுப் போவதில்லை. 2000-லிருந்து எல்லா வருடங்களையும் திரும்பக் கணக்கிடுகிறது. புதிய தகவல் கையில் வந்தால் பழைய வருடங்களின் எண்ணும் மாறிவிடும். இந்தியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015 அறிக்கை, 2014-ஆம் வருடத்துக்கு லட்சத்துக்கு 167 என்றது. 2016 அறிக்கை, 2015-ஆம் வருடத்துக்கு 217 என்றது. அதே 2015-க்கு இப்போதைய அறிக்கைகள் 237 என்கின்றன. 2024-க்கு 187. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 167-லிருந்து 187 என்றால் நோய் 12 சதவீதம் கூடிவிட்டது. 217-லிருந்து 187 என்றால் 14 சதவீதம் குறைந்திருக்கிறது. 237-லிருந்து 187 என்றால் 21 சதவீதம் குறைந்திருக்கிறது. நாடு ஒன்றுதான், நோய் ஒன்றுதான், அறிக்கையை மாற்றி எடுத்தால் மூன்று விதமான கதை வருகிறது. ஒரே அறிக்கையிலிருந்து வந்த மூன்றாவது கணக்கை மட்டும்தான் ஒப்பீட்டுக்கு எடுக்கலாம்.

ஆகவே முதல் வேலை, இப்போதிருக்கும் எக்செல் கோப்பை ஓரமாக வைத்துவிட்டு, உலக சுகாதார நிறுவனத்தின் காசநோய்த் தரவுப் பக்கத்திலிருந்து ஆகக் கடைசியாக வெளியான மதிப்பீட்டுக் கோப்பை ஒரே தடவையில் இறக்கிக்கொள்வது. எல்லா நாடும் எல்லா வருடமும் அதிலேயே இருக்கின்றன. உங்கள் வரைபடத்திலுள்ள தாவல்களில் பெரும்பாலானவை அதோடு போய்விடும்.

ஆனால் அந்தத் தாவல் ஏன் வந்தது என்று தெரியாமல் விட்டுவிட்டால், அடுத்த கட்டுரையில் வேறு வடிவத்தில் வந்து நிற்கும். அதனால் அதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

காசநோயில் இரண்டு வகை எண்கள் உண்டு. ஒன்று, பதிவான நோயாளிகள். இன்னொன்று, ஒரு வருடத்தில் புதிதாக நோய் வந்திருக்கக்கூடியவர்கள் எத்தனை பேர் என்ற மதிப்பீடு. பதிவு என்பது ஆள் ஆளாக எண்ணியது. கணினி வராத காலத்து ஆய்வகப் பதிவேட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சளியில் கிருமி தெரிந்தால் முடிவைச் சிவப்பு மையில் எழுதுவார்கள். பக்கத்தைப் புரட்டினாலே எத்தனை சிவப்பு என்று கண்ணில் படும். இருமலோடு ஒருவர் அந்த ஆய்வகம் வரை வந்தால்தான் அந்தச் சிவப்புக் கோடு விழும். மருந்துக் கடையில் இருமல் டானிக் வாங்கிக் குடித்துவிட்டுச் செங்கல் சூளைக்குத் திரும்பிப் போனவர் அந்தப் பக்கத்தில் இல்லை. தனியார் மருத்துவரிடம் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானவரும் நெடுங்காலம் அந்தப் பக்கத்தில் இருந்ததில்லை. இப்படி விடுபட்டவர்களையும் சேர்த்துச் சொல்லப் பார்ப்பதுதான் மதிப்பீடு.

இந்தியாவில் 2012 மே மாதம்தான் காசநோயைக் கண்டறியும் எவரும், தனியார் உட்பட, அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற ஆணை வந்தது. நிக்ஷய் இணையப் பதிவும் அதே வருடம் தொடங்கியது. ஆணை போட்ட மறுநாளே எல்லோரும் தெரிவித்துவிடவில்லை, அதற்குப் பல வருடம் பிடித்தது. இதற்கிடையில் தனியார் சந்தையில் விற்கும் காசநோய் மருந்தின் அளவை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அரசுக் கணக்கில் இல்லாத நோயாளிகள் எவ்வளவு பேர் என்பது அதில் வெளிப்பட்டது. குஜராத்தில் நடந்த கணக்கெடுப்பும் அதே திசையைக் காட்டியது. அதன் பிறகுதான் 167 என்ற எண் போய் 217 என்ற எண் வந்தது. அந்த வருடம் நாட்டில் நோய் வெடித்துக் கிளம்பவில்லை. ஏற்கெனவே இருந்தவர்கள் கணக்குக்குள் வந்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் இரு பக்கமும் ஒரு வரம்பு கொடுத்திருப்பார்கள். 167 என்ற எண்ணுக்குக் கொடுத்த வரம்பு 156 முதல் 179 வரை. பார்க்க எவ்வளவு உறுதியாகத் தெரிகிறது! அடுத்த வருடம் 217-க்குக் கொடுத்தது 112 முதல் 355 வரை. இரண்டாவது வரம்பு அகலமானது என்பதால் அதை மோசமானது என்று நினைக்கக் கூடாது. உள்ளதை உள்ளபடி சொன்னது அதுதான். குறுகிய வரம்பு தந்த உறுதிதான் பின்னால் நிற்கவில்லை. உங்கள் வரைபடத்தில் கோட்டை மட்டும் போடாமல் இந்த வரம்பையும் நிழலாகப் போடுங்கள். இரு நாடுகளின் நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், எது மேலே எது கீழே என்று வாதாடுவதில் பயனில்லை.

நேபாளத்தின் தாவலும் இதே வகைதான், காரணம் மட்டும் வேறு. அங்கே 2018-19-ல் வீடு வீடாகப் போய் நாடு தழுவிய கணக்கெடுப்பு நடத்தினார்கள். லட்சம் பேருக்கு 416 பேரிடம் பரிசோதனையில் உறுதியான காசநோய் இருந்தது. முன்பு நினைத்திருந்ததைவிட ஏறக்குறைய 1.8 மடங்கு. அதை வைத்து 2018-ன் புதிய பாதிப்பு மதிப்பீடு 151-லிருந்து 245 ஆகத் திருத்தப்பட்டது. ஒரு நாடு துணிந்து தேடிப்போய் உண்மையைக் கண்டுபிடித்ததற்கு, உங்கள் வரைபடம் அதற்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது.

வங்கதேசத்தின் அசையாத கோடு இதற்கு நேர் எதிர். அங்கே 2015-16-ல் கணக்கெடுப்பு நடந்தது, 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் லட்சத்துக்கு 287 பேருக்கு நோய் இருந்தது. அதற்குப் பிறகு திசையைச் சொல்லும் புதிய அளவீடு வராததால், மதிப்பீடு 221-ஐச் சுற்றியே நிற்கிறது. அதே காலத்தில் அங்கே பதிவானவர்களின் எண்ணிக்கை வருடத்துக்கு 2 லட்சம் அளவிலிருந்து 3 லட்சம் அளவுக்கு உயர்ந்திருக்கிறது. நேர்கோட்டைப் பார்த்து அங்கே எதுவும் நடக்கவில்லை என்று எழுதினால், களத்தில் வேலை செய்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். பாகிஸ்தானின் கணக்கெடுப்பு இன்னும் பழையது, 2010-11. அதனால் ஐந்து நாட்டுக்கும் கடைசியாக எப்போது கணக்கெடுப்பு நடந்தது என்பதை ஒரு சிறு அட்டவணையாகப் போட்டுவிட்டு அப்புறம் கோடுகளைக் காட்டுங்கள்.

இந்தியாவின் தேசியக் கணக்கெடுப்பு 2019 முதல் 2021 வரை நடந்தது. சென்னையிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதை ஒருங்கிணைத்தது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் லட்சத்துக்கு 316 பேருக்கு நுரையீரல் காசநோய். அறிகுறி இருந்தவர்களில் 64 சதவீதம் பேர் எந்தச் சிகிச்சைக்கும் போகவில்லை. மார்பு எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறியை மட்டும் கேட்டிருந்தால் நோயாளிகளில் 42.6 சதவீதம் பேரைத் தவறவிட்டிருப்பார்கள். ஆனால் இந்த 316-ஐயும் மேலே சொன்ன 187-ஐயும் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள். முதலாவது, குறிப்பிட்ட நேரத்தில் நோயோடு இருப்பவர்கள், அதுவும் பெரியவர்கள் மட்டும். இரண்டாவது, ஒரு வருடத்தில் புதிதாக நோய் வந்தவர்கள், எல்லா வயதினரும். சிகிச்சை கிடைக்காமல் ஒருவர் நோயோடு நாள் கடத்தும்போதெல்லாம் முதல் எண் பெருத்துக்கொண்டே போகும்.

போக்கு தெரிய வேண்டுமானால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எண்ண வேண்டும். நம் திருவள்ளூர் மாவட்டத்தில் 1999 முதல் நான்கு சுற்றுகள் அப்படி எண்ணினார்கள். முதல் மூன்று சுற்றுகளில் நோய் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நான்காவது சுற்றில் மறுபடி சற்று ஏறியது. மூன்றோடு நிறுத்தியிருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது அழகான, ஆனால் முழுமையில்லாத கதை.

சரி, மதிப்பீட்டை இப்படிப் பார்க்கலாம். பதிவை எப்படிப் படிப்பது? இந்தியாவில் 2015-ல் பதிவானவர்கள் சுமார் 17 லட்சம், 2024-ல் 26 லட்சம். மதிப்பீடு 21 சதவீதம் இறங்கிய அதே காலத்தில் பதிவு பாதிக்கு மேல் ஏறியிருக்கிறது. இரண்டுக்கும் முரண் இல்லை. ஒளிந்திருந்தவர்கள் வெளியே வருகிறார்கள், மதிப்பீட்டுக்கும் பதிவுக்கும் உள்ள இடைவெளி சுருங்குகிறது. இந்த இடைவெளியை ஒவ்வொரு நாட்டுக்கும் வருடவாரியாக வரைந்து பாருங்கள். என்னைக் கேட்டால் உங்கள் கட்டுரையின் மிகப் பயனுள்ள படம் அதுவாகத்தான் இருக்கும்.

பதிவு குறைவது நல்ல செய்தி என்று மட்டும் எடுத்துவிடாதீர்கள். 2019-ல் 24 லட்சமாக இருந்த இந்தியப் பதிவு 2020-ல் 18 லட்சமாக விழுந்தது. ஊரடங்கில் பேருந்து இல்லை, ஆய்வகப் பணியாளர்கள் கோவிட் வேலைக்குப் போய்விட்டார்கள், இருமினால் வெளியே சொல்லவே மக்கள் பயந்தார்கள். அந்த ஆறு லட்சம் பேருக்கு நோய் வராமல் போய்விடவில்லை. அந்த வருடத்தை வரைபடத்தில் தனி நிறத்தில் குறித்துக் காட்டுங்கள்.

பதிவு ஏறும்போது, தேடுதல் கூடியதா, நோய் கூடியதா என்று பிரித்துப் பார்க்க எத்தனை பேரைப் பரிசோதித்தார்கள் என்று கேளுங்கள். பரிசோதனை இரட்டிப்பாகி, நூற்றுக்கு இத்தனை பேருக்கு நோய் என்ற விகிதம் இறங்கினால் தேடுதல்தான் கூடியிருக்க வாய்ப்பு அதிகம். பரிசோதனை அப்படியே இருக்க விகிதம் ஏறினால் கவலைப்பட வேண்டும். அப்புறம் வயதைப் பாருங்கள். சிறு குழந்தைக்கு வரும் காசநோய் அண்மையில் யாரோ பக்கத்திலிருந்து தொற்றியது. பரவல் உண்மையிலேயே அடங்கும் ஊரில் நோயாளிகளின் சராசரி வயது மெல்ல மெல்ல மேலே போகும். மருந்துக்கு அடங்காத காசநோயிலும் இதே எச்சரிக்கை பொருந்தும். கிருமியையும் மருந்து எதிர்ப்பையும் சேர்த்துக் காட்டும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவி வந்து, முக்கியக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி அடங்குகிறதா என்று எல்லோருக்கும் பரிசோதிக்க ஆரம்பித்தால், அந்த எண் ஏறத்தான் செய்யும்.

இன்னும் சில இடறல்கள். நேபாளத்தின் சொந்த ஆண்டறிக்கை அவர்களுடைய நிதியாண்டில், அதாவது ஜூலை நடுவிலிருந்து அடுத்த ஜூலை நடுவரை போகிறது. இந்தியாவின் ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. நாட்டு அறிக்கைகளிலிருந்து எடுத்தால் ஆறு மாதம் நழுவும். மக்கள்தொகை என்ற வகுக்கும் எண்ணும் சிக்கல்தான். இந்தியாவில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிந்தைய வருடங்களுக்கெல்லாம் நாம் வகுப்பது கணிப்பு எண்ணால்தான். ஐந்து நாட்டுக்கும் ஐநா மக்கள்தொகை எண்ணையே எடுங்கள். எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் வேறு இருக்கிறார்கள். நேபாளத்துக்கும் இந்தியாவுக்கும் இடையே திறந்த எல்லை. டெல்லியில் மாத்திரை ஆரம்பித்து ஊரில் முடிக்கும் தொழிலாளி இரண்டு நாட்டிலும் எண்ணப்படலாம், எதிலும் எண்ணப்படாமலும் போகலாம்.

ஐந்து நாட்டையும் சேர்த்து ஒரே சராசரி போடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். மக்கள்தொகையை வைத்து எடை போட்டால் வருவது இந்தியாவின் கோடுதான், எடை போடாமல் கூட்டி வகுத்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. ஒவ்வொரு நாட்டின் 2015 எண்ணையும் 100 என்று வைத்து, பிறகு எவ்வளவு நகர்ந்தது என்று ஐந்து சிறு படங்களாகப் போடுவது நல்லது. உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசியப் பிராந்தியத்தைத் தெற்காசியா என்று எடுத்துக்கொள்வதும் ஆகாது. பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும் அதில் இல்லை, கிழக்கு மத்தியதரைப் பிராந்தியத்தில் இருக்கின்றன. உலகக் காசநோயில் பத்தில் ஒரு பங்கைச் சுமக்கும் இந்தோனேசியா 2025-ல் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து மேற்குப் பசிபிக்குக்கு மாற்றப்பட்டுவிட்டது. தெற்காசிய நாடுகளை மட்டும் சேர்த்துப் பார்க்க, நேபாளத்தின் பக்தபூர் திமியில் 1992 முதல் இயங்கும் சார்க் காசநோய் மையத்தின் அறிக்கைகள் உதவும்.

எந்த நாடு முன்னேறியது என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு வரிசைப் பட்டியல் போட நான் மாட்டேன். இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள், மதிப்பீடு லட்சத்துக்கு அறுபதை ஒட்டி, ஐந்தில் அதுதான் மிகக் குறைவு. ஆனால் வருடத்துக்கு 9,000 பேர் அளவில்தான் பதிவாகிறார்கள். 2.2 கோடி மக்களுக்கு வகுத்தால் லட்சத்துக்கு நாற்பது சொச்சம். அப்படியானால் மூன்றில் ஒரு பங்கு நோயாளிகள் கண்ணில் படவில்லை என்று ஆகிறது, அல்லது மதிப்பீடு கூடுதலாக இருக்கிறது. எது என்று அறிய அங்கே மாவட்டவாரியான மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களின் பதிவுகளுக்குத்தான் போக வேண்டும். ஐந்து நாட்டுக்கும் இந்த ஒரு கணக்கைப் போட்டு வழிகாட்டியிடம் கொண்டுபோங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே எந்த வருட அறிக்கை, எந்தத் தேதியில் இறக்கிய கோப்பு என்பதை எழுதிவிடுங்கள். அடுத்த வருடம் புதிய அறிக்கை வரும்போது 2015-ன் எண் மறுபடி மாறியிருக்கலாம்.