சென்னையில் வீடு விற்கும்போது புரோக்கர் கமிஷனைக் குறைத்துப் பேச முடியுமா?

கேள்வி: மடிப்பாக்கத்தில் இருக்கும் எங்கள் பழைய ஃபிளாட்டை விற்கப் போகிறோம். புரோக்கர் 2% கேட்கிறார், "அதுதான் ரேட்" என்கிறார். குறைத்துப் பேசலாமா? எப்படிப் பேசுவது?

பதில்:

தாராளமாகப் பேசலாம். 2% என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சென்னையில் விற்பவர், வாங்குபவர் என்று இரண்டு பக்கமும் 1 முதல் 2% வரை கேட்பது வழக்கம், அவ்வளவுதான். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் கமிஷன் இவ்வளவு என்று நிர்ணயிக்கவில்லை. ஏஜென்ட் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அது சொல்வதும் ரெராவில் பதிவான திட்டங்களில் மனையோ வீடோ விற்றுத் தருபவர்களுக்குத்தான். நீங்கள் குடியிருந்த பழைய ஃபிளாட்டுக்கு ஆள் பார்த்துத் தரும் ஏரியா புரோக்கர் அதற்குள் வரமாட்டார். அதனால் நீங்களும் அவரும் உட்கார்ந்து என்ன பேசி முடிக்கிறீர்களோ அதுதான் ரேட்.

நங்கநல்லூரில் அம்மா பெயரில் இருந்த ஃபிளாட்டை விற்றபோது இந்தப் பேச்சையெல்லாம் நான்தான் நடத்தினேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: 2-ஐ 1 ஆக்குவது நல்லதுதான். ஆனால் அதைவிட, அவருடைய கமிஷன் உங்கள் விலையோடு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். வீடு 80 லட்சத்துக்குப் போனால் 2% என்பது 1,60,000 ரூபாய். வாங்குபவர் 77 லட்சத்தில் பிடிவாதமாக நின்று, நீங்கள் இறங்கி வந்துவிட்டால் உங்களுக்கு நஷ்டம் 3 லட்சம். உங்களிடமிருந்து புரோக்கருக்குக் குறைவது 6,000 ரூபாய் மட்டும். "பார்ட்டி நல்ல பார்ட்டி, விட்டுடாதீங்க" என்று அவர் உங்களை அவசரப்படுத்துவதற்குக் காரணம் இதுதான். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. கணக்கு அப்படி அமைந்திருக்கிறது, அவ்வளவே.

அதனால் கணக்கை மாற்றிப் பேசுங்கள். நான் பேசியது இப்படி:

"மேடம், எல்லாரும் ரெண்டு பர்சன்ட்தான் தர்றாங்க."

"அண்ணே, 75 லட்சம் வரைக்கும் ஒரு பர்சன்ட் தர்றேன். அதுக்கு மேல நீங்க எவ்வளவு வாங்கித் தர்றீங்களோ, அந்த மேல் தொகையில அஞ்சு பர்சன்ட்."

இந்தக் கணக்கில் 80 லட்சத்துக்கு முடித்தால் அவருக்கு 1 லட்சம் கிடைக்கும். 77-க்கு இறங்கினால் 85,000. உங்களுக்காக விலையைப் பிடித்து நிற்பதில் இப்போது அவருக்கும் லாபம் இருக்கிறது. கொஞ்சம் யோசித்துவிட்டு, எங்கள் புரோக்கர் சரி என்றார். இப்படிப் பேச உங்கள் வீட்டின் நிஜமான விலை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயித்திருக்கும் வழிகாட்டி மதிப்பை வைத்துச் சந்தை விலையை முடிவு செய்யாதீர்கள். உங்கள் அபார்ட்மென்டிலோ பக்கத்துத் தெருவிலோ சமீபத்தில் விற்றவர்களிடம் கேளுங்கள். அசோசியேஷன் செயலாளருக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்கும். பழைய ஃபிளாட் என்றால் பிரிக்கப்படாத நிலப் பங்கு, அதாவது கட்டடம் நிற்கும் மொத்த நிலத்தில் உங்களுக்கு உள்ள பங்கு, எத்தனை சதுர அடி என்பதுதான் விலையைப் பெரிதும் தீர்மானிக்கும், அதையும் பத்திரத்தில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றுக்கு மட்டும் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். "உங்களுக்குக் கையில எவ்வளவு வேணும்னு சொல்லுங்க, மேல வர்றதை நான் பார்த்துக்கறேன்" என்பார்கள். கமிஷனே இல்லாததுபோல் தெரியும். வாங்குபவர் உண்மையில் எவ்வளவு தரத் தயாராக இருந்தார் என்பது உங்களுக்குக் கடைசி வரை தெரியாமலே போய்விடும். தனியாக இருக்கும் வயதானவர்களிடம் இந்தப் பேச்சு அதிகம் நடக்கிறது. அப்படி யாராவது உங்கள் குடும்பத்தில் வீடு விற்கப் போகிறார்கள் என்றால், விலை பேசும் அன்று நீங்கள் கூடப் போய் உட்காருங்கள்.

வாங்குபவரிடம் எவ்வளவு வாங்குகிறார் என்றும் வெளிப்படையாகக் கேளுங்கள். அது உங்களுக்குச் சம்பந்தமில்லாத பணம் இல்லை. வாங்குபவருக்கு ஏற்கெனவே முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% இருக்கிறது. அதன் மேல் புரோக்கருக்கு 2% என்றால், அதையும் சேர்த்து மனதில் கழித்துக்கொண்டுதான் உங்களிடம் விலை பேசுவார். இரண்டு பக்கமும் ஒரே ஆள் என்றால் "ரெண்டு பக்கமும் உங்களுக்கே வருது, என் பக்கம் ஒண்ணு போதும்" என்று சொல்ல உங்களுக்கு முழு நியாயம் உண்டு.

அப்புறம், ஒரு பார்ட்டியைப் பல புரோக்கர்கள் கைமாற்றிக் கொண்டு வருவார்கள். முடிக்கிற நேரத்தில் "நான்தான் முதல்ல காட்டினேன்" என்று இன்னொருவர் வந்து நிற்பார். உங்கள் பக்கத்துக் கமிஷன் மொத்தமாக இவ்வளவுதான், அதை அவர்களுக்குள் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

எப்போது கொடுப்பது? டோக்கன் அட்வான்ஸ் வாங்கிய அன்றே முழுக் கமிஷனையும் கேட்பார்கள். வங்கிக் கடன் கிடைக்காமல் எத்தனையோ பேரம் பாதியில் நிற்கிறது. நாங்கள் விற்பனை ஒப்பந்தம் போட்ட அன்று கால் பங்கு, மீதி பத்திரப் பதிவு முடிந்ததும் என்று பேசிக் கொடுத்தோம். பேசிய தொகையைப் பிறகு குறைக்காதீர்கள். வெயிலில் ஆட்களை அழைத்து வந்து, வில்லங்கச் சான்று, பட்டா நகல் எல்லாம் எடுத்துக் கொடுத்து, கடைசி வரை கூட நிற்கும் புரோக்கருக்கு அந்தப் பணம் நியாயமாகச் சேர வேண்டியது. மூலப் பத்திரத்தை மட்டும் அவரிடம் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும்.

பணத்தை வங்கி வழியாக அனுப்பி ரசீது வாங்குங்கள். வீடு விற்ற லாபத்துக்கு வரி கணக்கிடும்போது கமிஷனை விற்பனைச் செலவாகக் கழிக்கலாம். 12.5% வரி கட்டும் ஒருவருக்கு 80,000 ரூபாய் கமிஷனில் 10,000 ரூபாய் வரி மிச்சம். ஜிஎஸ்டி சேர்த்துக் கேட்டால், அவரிடம் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு செய்யாதவர் அதை வசூலிக்க முடியாது.

இதற்கெல்லாம் பெரிய ஒப்பந்தம் வேண்டாம். வீட்டைக் காட்டத் தொடங்குவதற்கு முன் வாட்ஸ்அப்பில் நாலு வரி போடுங்கள்: "75 லட்சம் வரை 1%, மேல் தொகையில் 5%. எத்தனை புரோக்கர் இருந்தாலும் என் பக்கம் மொத்தம் இவ்வளவுதான். அக்ரிமென்ட் அன்று கால் பங்கு, ரெஜிஸ்ட்ரேஷன் அன்று மீதி. விற்பனை நின்றால் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும்." அவர் சரி என்று பதில் போட்ட பிறகு சாவியைக் கொடுங்கள்.