திருடன் திருந்திய கதை வேண்டாம்

வணக்கம் ஐயா,

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து, மதுரை மத்தியச் சிறையில் இருக்கும் தகப்பன்மார் தங்கள் பிள்ளைகளுக்கு வாசித்துப் பதிவுசெய்து அனுப்ப 100 நீதிக்கதைப் புத்தகங்கள் கொடுக்கலாம் என்றிருக்கிறோம். எவற்றை வாங்கலாம்? படிக்கத் தெரியாதவர்களை இப்போதைக்கு விட்டுவிடலாமா?

ம., மதுரை

அன்புள்ள ம.,

நல்ல காரியம், செய்யுங்கள். ஆனால் உங்கள் கடைசி வரி சுருக்கென்று தைத்தது. படிக்கத் தெரியாதவர்களை விட்டுவிட்டு யாருக்கு இதைச் செய்யப் போகிறீர்கள்? காலமெல்லாம் வகுப்பெடுத்தவர் கேட்கிற கேள்வியா இது?

இங்கிலாந்தின் டார்ட்மூர் சிறையில் ஷாரன் பெரி தொடங்கிய ‘ஸ்டோரிபுக் டாட்ஸ்’ என்ற தொண்டு அமைப்பு இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டது. வாசிக்கத் தெரியாதவருக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சொல்கிறார், இவர் திருப்பிச் சொல்கிறார். பிறகு சொல்லிக்கொடுத்த குரல், தடுமாற்றம், இரும்புக் கதவு சாத்தும் சத்தம் எல்லாவற்றையும் வெட்டிவிடுகிறார்கள். மகள் காதில் விழுவது அப்பா தங்குதடையில்லாமல் சொல்லும் முழுக்கதை. வெட்டி ஒட்டுவதும் பயிற்சி பெற்ற சிறைவாசிகள்தான்.

உங்களாலும் முடியும். நல அலுவலர் மூலம் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி ஒரு ரெக்கார்டரை உள்ளே கொண்டுபோங்கள். சிமெண்டுச் சுவர் அறை எதிரொலிக்கும். மேஜைமேல் ஒரு கம்பளி, பேசுபவருக்குப் பின்னால் ஒரு கம்பளி தொங்கினால் பாதி அடங்கிவிடும். ஃபேனை நிறுத்துங்கள். ரெக்கார்டர் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேரே வைத்தால் ‘ப’ வரும்போதெல்லாம் காற்று அடிக்கும். முதலில் அரை நிமிடம் யாரும் பேசாமல் பதிவுசெய்யுங்கள், பின்னால் இரைச்சலைக் குறைக்க அந்த ஒலி மாதிரி வேண்டும். சொல்லிக்கொடுப்பவர் நிறுத்தியதும் இரண்டு விநாடி இடைவெளி விட்டு அப்பா சொல்லட்டும். அந்த இடைவெளிதான் கத்தரி வைக்கிற இடம். தப்பானால் நிறுத்தாமல் ஒருமுறை கைதட்டிவிட்டு அதே வரியை மறுபடி சொல்லச் சொல்லுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்தால் கைதட்டல் ஊசிபோல நிமிர்ந்து நிற்கும், தேட வேண்டியதே இல்லை. பக்கம் திரும்புகிற இடத்தில் ஒரு மணிச் சத்தம் சேருங்கள். 64 கேபிபிஎஸ் மோனோ எம்பி3 ஆக்கினால் பத்து நிமிடக் கதை 5 எம்பிக்குள் அடங்கும். ஆச்சியின் பட்டன் போனிலும் மெமரி கார்டு போட்டுக் கேட்கலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. பிள்ளையை வளர்ப்பவரின் சம்மதத்தை எழுதி வாங்குங்கள். அந்தப் பிள்ளையே வழக்கில் பாதிக்கப்பட்டதா, நீதிமன்றத் தடை உண்டா என்று பார்க்காமல் மைக்கைத் தொடாதீர்கள். அப்பா எங்கே இருப்பதாகப் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். வீட்டில் ‘துபாய்’ என்று சொல்லி வைத்திருக்க, உறைமேல் சிறை முத்திரையோடு நீங்கள் அனுப்பினால் என்ன ஆகும்? ‘தீபாவளிக்கு வந்திடுவேன்’ என்று அவர் சொன்னால் அந்த வரியை அவரிடம் சொல்லிவிட்டு எடுத்துவிடுங்கள். ஜாமீன் அவர் கையில் இல்லை, பிள்ளையோ நாள் எண்ணிக்கொண்டிருக்கும்.

பெண்கள் சிறையை ஏன் மறந்தீர்கள்? உச்ச நீதிமன்றத்தின் 2006 தீர்ப்புப்படி தாயோடு பிள்ளை ஆறு வயதுவரைதான் உள்ளே இருக்கலாம். எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயதில் பிரித்து வெளியே அனுப்புகிறோம். அங்கிருந்தே தொடங்குங்கள்.

புத்தகம் கேட்டீர்கள் அல்லவா? நீதிக்கதை வேண்டவே வேண்டாம். திருட்டு வழக்கில் இருப்பவர் திருடன் திருந்திய கதையைத் தன் மகனுக்கு வாசித்துக் காட்ட வேண்டுமா? என்ன குரூரம் சார் இது! யானை தும்முகிற கதையாகப் பார்த்துக் கொடுங்கள், பக்கத்துக்கு இரண்டு வரி போதும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள், யாரும் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கின்றன. எழுதியவர், படம் வரைந்தவர் பெயர்களைக் குறிப்பிட்டு அச்சடிக்கலாம், பதிவும் செய்யலாம். ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி: ஒன்று பதிவறைக்கு, இன்னொன்று பதிவோடு பிள்ளைக்கு. கம்பிச் சுருள் கட்டு மட்டும் போடாதீர்கள், வாசல் சோதனையிலேயே நிறுத்திவிடுவார்கள்.