வாட் எண்ணை நம்பி ரிசீவர் வாங்கலாமா?

டிவி முதலிய கருவிகளின் ஒலியைப் பெற்று ஸ்பீக்கர்களை இயக்கும் ஹோம் தியேட்டர் ரிசீவரைக் குறைந்த செலவில் தேர்ந்தெடுப்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் வீட்டுக் கூடம் 12 அடி அகலமும் 14 அடி நீளமும் கொண்டது. 5.1 ஒலி அமைப்புக்காக (ஐந்து ஸ்பீக்கர்கள், தாழ்ந்த ஒலிக்கென ஒரு சப்வூஃபர்) ரிசீவர், ஸ்பீக்கர்கள், சப்வூஃபர் அனைத்துக்கும் சேர்த்து 70,000 ரூபாய் ஒதுக்கியுள்ளேன். சோனி எஸ்டிஆர்-டிஹெச்590, யமஹா ஆர்எக்ஸ்-வி385 ஆகிய இரண்டில் ஒன்றை வாங்க எண்ணுகிறேன். முன்னது 145 வாட், பின்னது 70 வாட் என்கிறார் கடைக்காரர். இருமடங்கு வாட் உள்ளதைத்தானே வாங்க வேண்டும்?
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: கடைக்காரர் சொன்ன இரண்டு எண்களும் உண்மையே. ஆனால் அவை ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டவை அல்ல. சோனியின் 145 வாட் என்பது 1,000 ஹெர்ட்ஸ் என்ற ஒரே ஒரு சுருதியை மட்டும் ஒலிக்கவிட்டு, 0.9 விழுக்காடு வரை ஒலிச்சிதைவை அனுமதித்து எடுத்த அளவு. யமஹாவின் 70 வாட்டோ இரண்டு சேனல்களை (ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனியே செல்லும் ஒலித்தடம் ஒரு சேனல்) ஒருசேர இயக்கி, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான முழு வீச்சுக்கும், சிதைவு 0.09 விழுக்காட்டைத் தாண்டாமல் கிடைக்கும் அளவு. இதே கடுமையான முறையில் அளந்தால் சோனி தருவது 90 வாட் என்பதை அதன் தகவல் தாளிலேயே காணலாம். ஆகவே நீங்கள் ஒப்பிட வேண்டியது 90-ஐயும் 70-ஐயும்தான்.

அந்த 20 வாட் வேறுபாடு காதுக்கு எப்படித் தெரியும் என்பது அடுத்த கேள்வி. ஆற்றல் இரட்டித்தால் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடுகிறது. சத்தம் இருமடங்கானதாக நமக்குத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு ஆற்றல் தேவைப்படும். 70-க்கும் 90-க்கும் இடையே இருப்பது ஒரு டெசிபலைச் சற்றே தாண்டும் வேறுபாடு. படம் பார்த்துக்கொண்டிருக்கையில் அதை உணர்வது அரிது. மேலும், 1 வாட்டுக்கு 1 மீட்டர் தொலைவில் 87 டெசிபல் தரும் சாதாரண ஸ்பீக்கரே, உங்கள் கூடத்தில் 3 மீட்டர் தள்ளி அமர்ந்தாலும், அந்த ஒரு வாட்டிலேயே 80 டெசிபலை ஒட்டி ஒலிக்கும். இயல்பான பேச்சு 60 டெசிபல் அளவுதான். வெடிச்சத்தமும் பறையொலியும் எழும் கணங்களில் கூடுதல் வாட் வேண்டியிருக்கும் என்றாலும், உங்கள் அறைக்கு இவ்விரண்டு கருவிகளில் எதுவும் போதும்.

எண்களைப் பெரிதாக்கிக் காட்டும் வழக்கம் புதிதன்று. ஒரு காலத்தில் டேப் ரெக்கார்டர்களின் மேல் ஆயிரக்கணக்கில் ஒட்டப்பட்டிருந்த, கணநேர உச்ச ஆற்றலைக் குறிப்பதாகச் சொல்லப்பட்ட பிஎம்பிஓ வாட் எண்களைப் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். ஆம்ப்ளிஃபையர் ஆற்றலை எப்படி அளந்து விளம்பரப்படுத்த வேண்டும் என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974-இலேயே விதி வகுக்க வேண்டியிருந்தது. எனவே பெட்டியின் மேல் உள்ள எண்ணை விட்டுவிட்டு, இரண்டு சேனல்கள், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், எத்தனை ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை அளவு) என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லும் வரியைத் தகவல் தாளில் தேடிப் படியுங்கள்.

இரண்டிலும் நான்கு ஹெச்டிஎம்ஐ உள்ளீடுகளும், டிவியின் ஒலியைத் திரும்பப் பெறும் ஏஆர்சி வசதியும், அறைக்கேற்ப ஒலியைத் தானாகச் சரிசெய்ய ஒரு மைக்கும் உண்டு. தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச்செய்யும் டால்பி அட்மாஸ் இரண்டிலும் இல்லை. அதற்காக நீங்கள் வருந்த வேண்டியதில்லை. அட்மாஸுக்கு மேலிருந்து ஒலிக்கும் ஸ்பீக்கர்கள் குறைந்தது இரண்டு வேண்டும். 70,000 ரூபாயை ஏழு ஸ்பீக்கர்களுக்குப் பங்கிட்டால் ஒன்றுகூட நல்லதாக அமையாது. ஆகையால் எந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் உங்கள் ஊருக்கு அருகில் உள்ளது என்பதைப் பார்த்து முடிவெடுங்கள். ஒதுக்கிய தொகையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல், அதாவது 28,000 ரூபாய்க்கு மேல், ரிசீவருக்குப் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒலியின் தன்மையைத் தீர்மானிப்பவை ஸ்பீக்கர்கள். 1 வாட்டுக்கு 87-க்குப் பதில் 90 டெசிபல் தரும் உணர்திறன் கொண்ட ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தாலே ரிசீவரின் வாட்டை இரட்டித்த பலன் கிடைத்துவிடும். தரையும் சுவரும் வெறுமையாக இருந்தால், டிவிக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு தடித்த ஜமுக்காளத்தை விரித்துப் பாருங்கள். வசனத்தின் கூர்மையான எதிரொலி குறைவது உடனே தெரியும்.

கேள்வி: நண்பர் ஒருவர் 2011-இல் வாங்கிய நல்ல ரிசீவரைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். அதில் 4கே இல்லையாம். எங்களிடம் இருப்பது 4கே டிவி. வாங்கினால் பணம் வீணாகுமா?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: வீணாகாது, அந்த ரிசீவரில் ஏஆர்சி இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். 2009-இல் வந்த ஹெச்டிஎம்ஐ 1.4 தரத்தில்தான் அந்த வசதி அறிமுகமானது. எனவே 2011-ஆம் ஆண்டுக் கருவியில் அது இருக்க வாய்ப்புண்டு. பழைய ரிசீவர் வழியாக 4கே படத்தை அனுப்ப முயன்றால் திரை கறுத்துப்போகலாம். 4கே படங்களுக்கு வேண்டிய ஹெச்டிசிபி 2.2 என்ற காப்புமுறை அதில் இராது. ஆனால் படத்தை ஏன் ரிசீவருக்கு அனுப்ப வேண்டும்? செட்டாப் பாக்ஸ் முதலிய அனைத்தையும் நேரே டிவியில் இணைத்துவிட்டு, ஒலியை மட்டும் ஏஆர்சி வழியே ரிசீவருக்குக் கொண்டுவந்தால் போதும். ஓடிடி தளங்கள் தரும் 5.1 ஒலியைப் பெற இந்த வழி பெரும்பாலும் போதுமானது. புளூ-ரே வட்டுகளில் உள்ள டால்பி ட்ரூஹெச்டி போன்ற முழுத்தர ஒலி மட்டும் ஏஆர்சியில் வராது. அதற்கு ஏஆர்சியின் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி வேண்டும்.

ஏஆர்சி இல்லையென்றாலும் ஆப்டிகல் கேபிள் வழியாக டால்பி டிஜிட்டல் 5.1 கிடைக்கும். எந்த வழியாயினும், டிவியின் ஒலி அமைப்பில் பிசிஎம் (பெரும்பாலும் இரண்டு சேனல் ஒலி மட்டும்) என்றிருப்பதை, 5.1 ஒலியை அப்படியே அனுப்பும் பிட்ஸ்ட்ரீம் அல்லது டால்பி டிஜிட்டல் என்று மாற்ற மறக்காதீர்கள். இந்த ஒரு மாற்றத்தைச் செய்யாததால், ஐந்து ஸ்பீக்கர் வைத்தும் இரண்டு மட்டுமே ஒலிக்கும் வீடுகள் பல. பணம் கொடுக்கும் முன் ஒரு மணி நேரமாவது கருவியை ஓடவிட்டு, ஒவ்வொரு சேனலிலும் ஒலி வருகிறதா, சத்தத்தைக் கூட்டும்போது கரகரப்பு எழுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். மூடியின் துளைகள் வழியே டார்ச் அடித்தும் பாருங்கள். நம் ஊர் வீடுகளில் ரிசீவர்களைக் கெடுப்பவற்றில் உள்ளே புகும் பல்லியும் எறும்பும் முக்கியமானவை.

கேள்வி: பழைய டிவிடி ஹோம் தியேட்டர் செட்டின் ஸ்பீக்கர்களையும் சப்வூஃபரையும் புதிய ரிசீவரில் இணைக்கலாமா?
(வாசகர், சேலம்)

பதில்: ஸ்பீக்கர்களின் பின்புறம் எத்தனை ஓம் என்று அச்சிட்டிருக்கிறது எனப் பாருங்கள். அத்தகைய செட்டுகளில் பல 3 அல்லது 4 ஓம் கொண்டவை. குறைந்த விலை ரிசீவர்கள் பெரும்பாலும் 6 ஓமுக்குக் கீழே இணைக்க வேண்டாம் என்கின்றன. மீறி இணைத்துச் சத்தத்தைக் கூட்டினால், கருவி சூடேறித் தன்னையே அணைத்துக்கொள்ளும். சப்வூஃபரைப் பொறுத்தவரை பதில் தெளிவானது. ரிசீவரின் சப்வூஃபர் முனையிலிருந்து வருவது மெல்லிய சமிக்ஞை மட்டுமே, ஸ்பீக்கரை இயக்கும் ஆற்றல் அன்று. உங்கள் பழைய சப்வூஃபருக்குத் தனி மின்இணைப்பும் உள்ளே ஆம்ப்ளிஃபையரும் இல்லையென்றால் அதை நேரடியாகப் பயன்படுத்த இயலாது. செலவைக் குறைக்க வேண்டுமானால், முன்புறத்துக்கு இரண்டு நல்ல ஸ்பீக்கர்களுடன் இப்போது தொடங்கி, மற்றவற்றைப் பின்னர் ஒவ்வொன்றாகச் சேருங்கள். நடுவில் அமர்ந்து பார்த்தால் வசனம் திரையின் நடுவிலிருந்தே வருவதுபோல் கேட்கும்.

கேள்வி: அமெரிக்காவிலுள்ள என் மகன் வரும்போது அங்கிருந்து ரிசீவர் வாங்கி வரச் சொல்லலாமா?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: வேண்டாம் அம்மா. அங்கு விற்கப்படும் ரிசீவர்கள் பொதுவாக 120 வோல்ட் மின்சாரத்துக்கு மட்டும் அமைக்கப்பட்டவை. இங்குள்ள 230 வோல்ட்டில் நேரடியாக இணைத்தால் பழுதாகிவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மரைத் தனியே வாங்கி வைக்க வேண்டும். அங்கு வாங்கிய கருவிக்கு இங்கே வாரண்டியும் பொதுவாகக் கிடைப்பதில்லை. மகன் தர விரும்பும் தொகையை இங்கேயே ஒரு நல்ல சப்வூஃபருக்குச் செலவிடச் சொல்லுங்கள்.